பாரிஸுக்குக் குடும்பத்தோடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரிக்காரன், பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறேன். கோடை வந்தால் ஊரிலிருந்து யாராவது பெட்டியோடு வந்து இறங்குவார்கள், அவர்களைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. அதனால் வயதானவர்களும் குழந்தைகளும் இந்த ஊரில் எங்கே களைத்துப்போவார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

சார், மே மாதம் வருகிறோம். நான், மனைவி, 6 மற்றும் 11 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. டிராவல்ஸ்காரர் நாலு நாளில் பதினாறு இடம் போட்டுத் தந்திருக்கிறார். முடியுமா? (சென்னை)

பதினாறு இடத்தின் வாசலில் நின்று போட்டோ எடுக்க முடியும். பார்க்க முடியாது. அந்தப் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். பிறகு மிஞ்சியதிலும் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நான் விருந்தாளிகளுக்குப் போடும் கணக்கு எளிது. காலையில் டிக்கெட் வாங்கிப் போகும் இடம் ஒன்று. மதியத்துக்குமேல் டிக்கெட் இல்லாத திறந்தவெளி ஒன்று. அவ்வளவுதான். உதாரணத்துக்கு, காலையில் ஓர்சே அருங்காட்சியகம், மதியம் லுக்சம்பூர் தோட்டம். அந்தத் தோட்டத்துக் குளத்தில் சின்னப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, குச்சியால் தள்ளி விடலாம். உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஊர் திரும்பிய பிறகும் நினைவிருக்கப் போவது அதுதான், மோனலிசா இல்லை. அம்மா பச்சை இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நாள் நீளமாக இருக்கிறதே என்று இடங்களைக் கூட்டாதீர்கள். மதியம் அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து, மாலையில் மறுபடி கிளம்புங்கள்.

பாரிஸில் நாலு இரவு, சுவிட்சர்லாந்தில் நாலு இரவு. விசாவுக்கு எந்த நாட்டில் விண்ணப்பிப்பது? (திருச்சி)

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில். இரண்டும் சமம் என்றால் முதலில் கால் வைக்கும் நாட்டில். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்கும் கீழே இலவசம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் கடைசி மாதம் வரை தள்ளிப்போட்டால், கைரேகை கொடுக்கத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம், அதை வாங்கிவிட்டே கோப்பைத் தயார் செய்யுங்கள்.

ஈஃபிள் கோபுரத்துக்கு டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று வருகிறது. ஏஜென்ட் மூன்று மடங்கு சொல்கிறார். கொடுக்கலாமா? (கோயம்புத்தூர்)

கொடுக்காதீர்கள். லிஃப்ட் டிக்கெட் கோபுரத்தின் சொந்த இணையதளத்தில் 60 நாள் முன்னதாகத் திறக்கும். உங்கள் தேதிக்கு அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றே வாங்குவதுதான் சரியான வழி. அது தவறிவிட்டால், இரண்டாம் தளம் வரை படியேறுவது ஒரு வழி. மொத்தம் 674 படி. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உற்சாகமாக ஏறிவிடுவார்கள், மூச்சு வாங்குவது அப்பாக்களுக்குத்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஏறித்தான் ஆக வேண்டுமா? கோபுரத்தின் உச்சியிலிருந்து பாரிஸ் முழுவதும் தெரியும், ஈஃபிள் கோபுரம் மட்டும் தெரியாது. வெற்றி வளைவின் மேல்தளத்துக்குப் போனால் 284 படிதான். பன்னிரண்டு சாலைகள் காலடியிலிருந்து பிரிந்து போவதும், தூரத்தில் ஈஃபிளும் ஒரே பார்வையில் கிடைக்கும். அங்கே 18 வயதுக்குக் கீழே இலவசம். படியே வேண்டாம் என்றால் காலரி லஃபாயெத் என்ற பெரிய கடையின் மொட்டைமாடிக்குப் போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

கோபுரத்தை இரவில், ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள த்ரோகாதெரோ மேடையிலிருந்து பாருங்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் விளக்குகள் மினுங்கும். ஜூன் மாதத்தில் இருட்டவே பத்து மணிக்கு மேல் ஆகும், சின்னப் பிள்ளைகளை அன்று மதியம் தூங்க வைத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோவில் சமாளிக்க முடியுமா? (மதுரை)

நீங்கள் கேட்டதுதான் இங்கே வருகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி. பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. எஸ்கலேட்டர் இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் படி இருக்கும். வழித்தடம் மாறும் நிலையங்களில் சுரங்கப் பாதையில் நடக்கும் தூரம் ஒரு தெரு நீளம் வரும். ஷாத்லே நிலையத்தில் மாற வேண்டிய வழியை மேப் காட்டினால் வேறு வழி தேடுங்கள் என்று என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உள்ள ஒரே மெட்ரோ வழித்தடம் 14. அது 2024-லிருந்து ஓர்லி விமான நிலையம் வரை போகிறது.

அம்மாவுக்குப் பேருந்துதான் சரி. தாழ்தளப் பேருந்து, சாய்தளமும் உண்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். 69-ஆம் எண் பேருந்து ஈஃபிள் பக்கத்தில் கிளம்பி ஓர்சே, லூவர் அருங்காட்சியகங்கள், பஸ்தீய் சதுக்கம் வழியாகப் போகும். காசு கொடுத்து ஏறும் சுற்றுலாப் பேருந்து காட்டுவதில் பாதியை அது காட்டிவிடும். பிள்ளைகளுக்காக மெட்ரோ ஏறத்தான் வேண்டும் என்றால் 6-ஆம் வழித்தடத்தில் ஏறுங்கள். பீர் ஹக்கேமுக்கும் பஸ்ஸிக்கும் இடையே வண்டி பாலத்தின்மேல் ஆற்றைத் தாண்டும்போது கோபுரம் பக்கத்திலேயே நிற்கும். 1, 4, 14 வழித்தடங்களில் ஓட்டுநர் இல்லை, முன்கண்ணாடிக்குப் பிள்ளைகளிடையே போட்டி நடக்கும்.

கட்டணம் 2025 ஜனவரியில் மாறியது. மெட்ரோவுக்கும் நகர ரயிலுக்கும் 2.50 யூரோ, பேருந்துக்கு 2 யூரோ என்று ஆனது, ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். ஒரு மெட்ரோ டிக்கெட்டில் இறங்கிப் பேருந்தில் ஏற முடியாது, தனியாக வாங்க வேண்டும். நவிகோ ஈசி என்ற பயண அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டிக்கொண்டு போனால் பரிசோதகர் அபராதம் போடுவார், ‘தெரியாது’ என்பது எடுபடாது. வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். புதன்கிழமை வந்து இறங்குகிறவர்கள் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

விமான நிலையத்திலிருந்து டாக்சியில் ஏமாற்றுவார்களா?

வரிசையில் நிற்கும் அதிகாரபூர்வ டாக்சியில் ஏறினால் ஏமாற்ற வழியில்லை. சார்ல் தெ கோல் நிலையத்திலிருந்து செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 என்று 2025 கணக்கில் நிர்ணயக் கட்டணம். பெட்டிக்குத் தனிக் காசு இல்லை. ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் உண்டு. உள்ளேயே வந்து ‘டாக்சி, டாக்சி’ என்று காதோடு சொல்கிறவரோடு மட்டும் போகாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. மாமியார் ஒரு வாரம் ரொட்டியும் பழமுமாக ஓட்ட வேண்டியதுதானா? (கும்பகோணம்)

வேண்டாம், வேண்டாம். முதலில் ரொட்டியைப் பற்றியே சொல்கிறேன். பேக்கரியில் ‘த்ரதிஸியோன்’ என்று கேளுங்கள். அந்த வகை பகெத்தில் (நீள ரொட்டியில்) மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போன்ற சிலவற்றைத் தவிர எதையும் சேர்க்கக் கூடாது என்று 1993-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். முட்டைக்கு வழியில்லை. குரோசான் என்ற பிறை வடிவ ரொட்டியில் வெண்ணெய் உண்டு, மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவது வழக்கம். கிரேப் என்ற மெல்லிய தோசை மாதிரிப் பலகாரத்தின் மாவிலும் முட்டை இருக்கும். வெங்காய சூப் என்று சைவமாகத் தோன்றுவது மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு தூவியிருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால் ‘சான் வியாந்த், சான் புவாஸோன், சான் ஏஃப்’ என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல்.

மரே பகுதியின் ரோசியே தெருவில் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை) கிடைக்கும், வயிறு நிறையும். யூதர்களின் கடைகள் என்பதால் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

மாமியாருக்கு லாச்சப்பல் இருக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், லா சப்பல் மெட்ரோவைச் சுற்றியுள்ள தெருக்கள். எண்பதுகளில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கும். இட்லி, தோசை, இடியப்பம் எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் பெட்டி பெட்டியாக இருக்கும். சமையலறை உள்ள வீடாக எடுத்தால், முதல் நாளே அங்கே போய் அரிசி, பருப்பு, தயிர் வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து குக்கரைச் சுமந்து வராதீர்கள்.

பிரெஞ்சு உணவகங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் சமையல், இரவில் ஏழுக்குப் பிறகு. மூன்று மணிக்குப் பசிக்கும் பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது வைத்திருங்கள். தண்ணீருக்கு ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், அதற்குக் காசில்லை.

பிள்ளைகளுக்கு லூவர் போரடிக்குமா?

படங்களை மட்டும் காட்டினால் அரை மணியில் போரடிக்கும். மோனலிசா 77-க்கு 53 சென்டிமீட்டர்தான், முன்னால் நூறு கைப்பேசிகள் உயர்ந்திருக்கும். பிள்ளைகளை முதலில் சுய்லி பகுதியின் அடித்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். லூவர் அரண்மனையாவதற்கு முன் கோட்டையாக இருந்தது. 1190 வாக்கில் பிலிப் ஒகுஸ்த் அரசன் கட்டிய அந்தக் கோட்டையின் சுவரும் அகழியும் அங்கே அப்படியே இருக்கின்றன. அப்புறம் எகிப்து. இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், கூட்டம் குறைவது அப்போதுதான். 18 வயதுக்குக் கீழே இலவசம் என்றாலும் நேரம் பதிவு செய்ய வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்கு 32 யூரோ ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் என்னைக் கேட்டா வைத்தார்கள்?

பொம்பிது மையம்? வெர்சாய்? டிஸ்னி?

பொம்பிது என்ற நவீனக் கலை மையம் பழுதுபார்ப்புக்காக 2030 வரை மூடியிருக்கிறது, பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள். வெர்சாய் திங்களன்று மூடல். போனால் முழு நாள் ஒதுக்குங்கள், அரண்மனையைவிடத் தோட்டம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டிஸ்னிக்கு ஆர்.ஈ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலில் நாற்பது நிமிடம். பாரிஸில் மூன்றே நாள் இருக்கிறீர்கள் என்றால் டிஸ்னியை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளாவிட்டால், சரி, அதற்கு நான் பொறுப்பல்ல.

நோத்ர தாம் போக டிக்கெட் விற்கிறார்கள், வாங்கலாமா?

தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணமே இல்லை. 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். இலவசமாக நேரம் பதிவு செய்யலாம், செய்யாமல் வரிசையில் நின்றும் போகலாம். தேவாலயத்தின் கோபுரம் ஏறத்தான் தனிக் கட்டணம்.

அப்படியே பிக்பாக்கெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மோன்மார்த்ர் குன்றில் கையில் கயிறு கட்ட வருகிறவர், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டும் பெண்கள், தரையிலிருந்து ‘தங்க மோதிரம்’ எடுத்துக் கொடுப்பவர்: யாருக்கும் நிற்காமல் நடங்கள். மரியாதைக் குறைவு என்று யோசிக்க வேண்டாம். பாஸ்போர்ட் அறையில் இருக்கட்டும், நகலைக் கையில் வைத்திருங்கள்.

அண்ணை, நாங்கள் கனடாவில இருந்து ஓகஸ்ட் கடைசியில வாறம். பிள்ளையார் கோயில் தேர் பாக்கலாமோ?

கட்டாயம் பாருங்கோ. லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வழக்கமாக ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். அந்த ஆண்டின் தேதியைக் கோயிலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தெருவெல்லாம் தேங்காய் உடையும், பிரெஞ்சுக்காரர்களும் திரண்டு நிற்பார்கள். காலையிலேயே போய் நிழலான இடம் பிடியுங்கள். ஓகஸ்டில் பாரிஸ்வாசிகள் ஊரைக் காலி செய்துவிடுவதால் சின்னக் கடைகள் பல மூடியிருக்கும். லாச்சப்பலில் மட்டும் அன்றைக்கு நிற்க இடமிருக்காது.

யாருமே சொல்லாத ஓர் இடம் சொல்லுங்களேன், ஐயா. (தஞ்சாவூர்)

தஞ்சாவூர்க்காரர் கேட்டதால் சொல்கிறேன்: கிமே அருங்காட்சியகம். ஆசியக் கலைகளுக்கானது, ஈஃபிளிலிருந்து நடந்தே போகலாம். அங்கே சோழர் காலத்து வெண்கல நடராசர் இருக்கிறார். கூட்டம் இல்லாமல் சுற்றி வந்து, முதுகுப்புறச் சடையைக்கூடப் பார்க்கலாம். சிற்பி ரோதேன் நம் சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய அருங்காட்சியகமும் இதே ஊரில்தான், தோட்டத்தோடு. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். கிமேவுக்குச் செவ்வாய் விடுமுறை, ரோதேனுக்குத் திங்கள். புதன்கிழமை போங்கள்.