ஒரேயொரு காராக ஒரு பழைய டர்போ: டண்டினோங்கில் இருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, நீர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்தும். மெல்பேர்ணுக்கு வந்து ஒன்பது மாதமாகிறது. டண்டினோங்கில் மூன்று பேருடன் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறீர். அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் களஞ்சிய வேலைக்கு இதுவரை கூட வேலை செய்பவர் ஒருவரின் காரில் போய்வருகிறீர். கையில் 26,000 டொலர் சேர்ந்திருக்கிறது. 214,000 கிலோமீற்றர் ஓடிய 1999ஆம் ஆண்டு சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஒன்றை ஒருவர் 22,500 டொலருக்கு விற்கிறார். டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வலுவைக் கூட்டும் கருவி, பூட்டிய கார்; சின்ன வயதில் இருந்து ஆசைப்பட்ட கார். வாங்கலாமா என்று கேட்டிருந்தீர். இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் அந்தக் கார் கூடாதது என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. அது நல்ல கார். அதை உமது ஒரேயொரு காராக வைத்திருக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அதற்கு முன்னர் ஒரு சட்ட விடயம் இருக்கிறது. விற்பவர் அதைச் சொல்லமாட்டார். ஊரில் எடுத்த சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மூன்று வருடம் நிறையாவிட்டால், விக்ரோரியா மாநிலத்தில் அதை மாற்றும்போது முழுமையான அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள். 'பி' தகடு ஒட்டி ஓடும் தகுதிகாண் அனுமதிப்பத்திரமே கிடைக்கும். அதை வைத்திருப்பவர் 2010ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் தயாரிக்கப்பட்ட, டர்போ பூட்டிய பெற்றோல் கார் எதையும் ஓட்ட முடியாது. அதற்குப் பிந்திய கார்களுக்கு நிறைக்கும் வலுவுக்கும் இடையிலான விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதால், இப்போது வரும் சிறிய டர்போ கார்களைத் தாராளமாக ஓட்டலாம். நீர் கேட்கும் கார் மட்டும் வயதினாலேயே தடைக்குள் விழுகிறது. வேலைத் தேவை போன்ற காரணங்களுக்கு விலக்குக் கேட்கலாம், ஆனால் ஆசையை அவர்கள் ஒரு காரணமாக எடுப்பதில்லை. மீறி ஓடிப் பிடிபட்டால் தண்டப்பணமும் குறைப்புப் புள்ளிகளும் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமிருப்பது. ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடிய வருடங்களையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வருபவர்களைக் கண்டிருக்கிறேன். கார் ஓட்டும் வகுப்புக்கு எந்தத் திகதியில் அனுமதி கிடைத்தது என்பதைப் பாரும்.

இனி என் கதை. நானும் இங்கே வந்த இரண்டாம் வருடம், இதே போன்ற டர்போ கார் ஒன்றை, கையில் இருந்த காசு முழுவதையும் கொடுத்து வாங்கினேன். முன்னைய சொந்தக்காரர் அதிக வலுவுக்காக டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெருமைதான் பட்டிருப்பேன். ஒயில் அளவைப் பார்க்கும் கம்பியை நான்கு மாதத்தில் இரண்டு தடவைகூட வெளியே இழுத்துப் பார்க்கவில்லை. ஊரில் அப்பாவின் கார் ஒயில் குடித்ததில்லை, ஆகவே என்னுடையதும் குடிக்காது என்று நினைத்தேன். ஒரு குளிர்காலக் காலை, மொனாஷ் நெடுஞ்சாலையில், கதவைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் எஞ்சினுக்குள் இருந்து வந்தது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார். ஜப்பானில் இருந்து 'ஹாஃப் கட்' ஆக, அதாவது பாதியாக வெட்டிய பழைய காருடன், வந்த வேறொரு எஞ்சினைத் தேடிப் பூட்ட ஐந்து வாரம் எடுத்தது. காரின் விலையில் அரைவாசிக்கு மேல் செலவாயிற்று. அதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். அந்த ஐந்து வாரமும் அதிகாலை வேலைக்குப் போக வழியில்லாமல், தற்காலிகத் தொழிலாளியாக இருந்த எனக்குக் கிடைத்த வேலை நேரங்கள் இன்னொருவருக்குப் போய்விட்டன. காரைத் திருத்தி எடுத்தேன், அந்த நேரங்கள் திரும்பி வரவில்லை.

இத்தகைய கார் ஏன் இவ்வளவு கவனிப்பைக் கேட்கிறது என்று விளங்கிக்கொண்டால், வாங்குவதா இல்லையா என்பதை நீரே தீர்மானிக்கலாம். டர்போவில், எஞ்சினில் இருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. ஆகவே ஒயில் பழையதானாலும் குறைந்தாலும் முதலில் அடிபடுவது டர்போவும் பெயரிங்குகளும்தான். இந்தக் கார்களை அறிந்தவர்கள் 5,000 கிலோமீற்றருக்கு ஒருதடவை ஒயில் மாற்றுவதும், வேகமாக ஓடிவந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல் சிறிது நேரம் சும்மா இயங்க விடுவதும் அதனால்தான். இதற்கு மேல் வயது வேறு. இருபத்தைந்து வருடம் டர்போவின் வெக்கையில் வெந்த இறப்பர் குழாய்களும், பிளாஸ்டிக் இணைப்புகளும், வயர்களின் உறைகளும் நொறுங்கத் தொடங்கியிருக்கும். ஒரு குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், கார் இழுவை இல்லாமல் இருமும். காரணத்தைத் தேட மெக்கானிக் எடுக்கும் மணித்தியாலங்களுக்கு நீர் காசு கொடுக்க வேண்டும். கிலோமீற்றரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த இறப்பரைப் பார்ப்பதில்லை. 90,000 கிலோமீற்றர் மட்டும் ஓடி, பத்து வருடம் ஒரு கொட்டகையில் கிடந்த காரைவிட, ஒழுங்காகப் பராமரித்துத் தினமும் ஓடிய 214,000 கிலோமீற்றர் காரையே நான் எடுப்பேன்.

நீர் கேட்கும் கார் 1995 முதல் 1997 வரை மூன்று வருடம் தொடர்ந்து உலக ரலிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டம் வென்ற பரம்பரை. அந்தப் போட்டிக் கார்களின் நீல நிறமும் தங்க நிறச் சில்லும் உம்மை எங்கே பிடித்தன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு லீற்றர் எஞ்சின், நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். அதனால் ஸ்பார்க் பிளக் மாற்றுவதற்கே கையை வளைத்து நெளித்து விட வேண்டும். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றப்பட வேண்டும். 214,000 ஓடிய காரில் இரண்டாவது தடவையும் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளும். அந்தக் காலத்து ஐந்து கியர் பெட்டி, சிக்னலில் நின்று திடீரெனப் பாய்பவர்களின் கையில் உடைவதற்குப் பெயர் பெற்றது.

கார் இங்கே புதிதாக விற்கப்பட்டதா, அல்லது பாவித்த காராக ஜப்பானில் இருந்து இறக்கப்பட்டதா என்பது இன்னொரு கேள்வி. வேகமானி 180இல் முடிந்தால் அது பெரும்பாலும் ஜப்பான் சந்தைக் கார். ஊரில் 'ரீகண்டிஷன்' வாகனம் வாங்கிப் பழகிய எங்களுக்கு, ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையையும் ஓடிய தூரத்தையும் எழுதித் தரும் ஏலத் தாளும் தரப் புள்ளியும் புதிதல்ல. ஆனால் பல வருடங்களுக்கு முன் இறக்கிய காருக்கு அந்தத் தாளை யாரும் கவனமாக வைத்திருப்பதில்லை, தாள் இல்லாத இடத்தில் ஓடிய தூரத்தை நம்பவும் முடியாது. பெற்றோலின் தரத்தை ஒக்ரேன் என்ற எண்ணால் சொல்வார்கள்; ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் சுமார் 100 ஒக்ரேன். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் உயர்ந்தது 98. ஜப்பானுக்கென்று அமைத்த எஞ்சினுக்கு 98இலும் குறைந்ததை ஊற்றவே கூடாது.

இவ்வளவும் கேட்ட பின்னரும் போய்ப் பார்க்கத்தான் போகிறீர் என்று எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் போவேன். போனால் விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும். போய் இறங்கியவுடன் பொனெட்டில் கையை வைத்துப் பாரும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கேட்கக்கூடிய ஏதோ ஒன்றை அவர் மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எஞ்சின்களில் குளிரில் பிஸ்டன் சிறிது தட்டிச் சூடானதும் அடங்குவது வழமை. சூடேற ஏறக் கூடும் சத்தம்தான் ஆபத்தானது. நீல நிறப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். நிற்காமல் வரும், இனிப்பு மணமுள்ள வெள்ளைப் புகை குளிரூட்டும் நீர் உள்ளே கசிவதைக் காட்டும். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது 'ப்ஸ்ஸ்' என்று வெளியே ஊதும் வால்வும், திறந்து நிற்கும் காற்று வடிகட்டியும் இருந்தால், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றைப் பூட்டிய கை அழுத்தத்தையும் கூட்டியிருக்குமா என்று சந்தேகப்படும். பின்பக்கச் சில்லுக்கு மேலுள்ள வளைவுகளில் துருவைத் தேடும். இந்த எஞ்சின் வகையைத் தெரிந்த சுயாதீன மெக்கானிக் ஒருவரிடம் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பியும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அத்துடன் பேச்சை முடித்துவிடலாம்.

'ஆர்.டபிள்யூ.சி. தருகிறேன்' என்று அவர் சொல்வதை எஞ்சினுக்கான உத்தரவாதமாக நீர் எடுத்துவிடக் கூடாது. வீதியில் ஓடுவதற்கான அந்தத் தகுதிச் சான்றிதழ் பிரேக், ரயர், விளக்கு, ஸ்டியரிங் போன்ற பாதுகாப்பு விடயங்களைத்தான் பார்க்கிறது. எஞ்சின் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அது சொல்லாது. இரண்டு டொலர் செலுத்தி பி.பி.எஸ்.ஆர். என்ற அரச பதிவேட்டில் பார்த்தால், காரின் பேரில் கடன் இருக்கிறதா, முன்னர் விபத்தில் கழிக்கப்பட்டதா என்பது தெரியும்; அதைச் செய்யாமல் வாங்கியவர்கள் பிறர் கடனுக்குத் தங்கள் காரை இழந்திருக்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் காப்புறுதி. வாகனப் பதிவுக் கட்டணத்துக்குள் காப்புறுதி அடங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பது மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கானது மட்டுமே. நீர் மோதிய காரின் சேதத்துக்கு நீர்தான் பொறுப்பு. வயது குறைந்தவர், இந்த நாட்டில் ஓட்டிய வரலாறு இல்லாதவர், பழைய டர்போ கார் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் சில நிறுவனங்கள் விலை சொல்லவே மறுக்கும். இந்தக் கார்கள் ஒருகாலத்தில் திருடர்களுக்கு மிகவும் பிடித்தவை. எஞ்சினைத் திருட்டில் இருந்து பூட்டும் கருவி புதிய கார்களுக்குக் கட்டாயமானது 2001 ஜூலையில்தான், உமது 1999ஐ அந்த விதி தொடவில்லை. வீட்டுக் கொட்டகை இல்லாமல் தெருவில் நிறுத்தப்போகிறீர் என்றால் இதையும் யோசியும். வாங்குவதற்கு முன்னரே தொலைபேசியில் விலை கேட்டு, அந்தத் தொகையைக் கடதாசியில் எழுதி வையும்.

கணக்கைப் போட்டால், 22,500 போக, பெயர் மாற்றும்போது விலையின் சுமார் 4 வீதம் முத்திரை வரி; அதன் பின் காப்புறுதி. கையில் இரண்டாயிரம் டொலர் வரை மிஞ்சலாம், முதலாவது கிளட்ச் வேலையுடன் அதுவும் போய்விடும். 'விலை ஏறும் கார், காசு எங்கேயும் போகாது' என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருந்தீர். ஊரில் கார் வாங்கினால் வாங்கிய விலைக்கே விற்கலாம் என்ற பழக்கத்தில் அது எங்களுக்கு இலகுவாக ஏறிவிடும். அதில் உண்மையும் இருக்கிறது: 25 வருடம் கடந்த வெளிநாட்டுக் கார்களை இறக்க அமெரிக்கா அனுமதிப்பதால், அந்த வயதை எட்டும் ஜப்பானியக் கார்களுக்கு உலகம் முழுவதும் கிராக்கி கூடியிருக்கிறது. ஆனால் விலை ஏறுவது கை படாத, பற்றுச்சீட்டுகள் உள்ள கார்களுக்கு. தினமும் அதிகாலை களஞ்சியத்துக்கு ஓடித் தேய்ந்த காரை யாரும் அந்த விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

ஆகவே இப்போது டர்போ இல்லாத ஒரு கொரோலாவையோ மஸ்டா 3ஐயோ வாங்கும், பத்தாயிரம் டொலருக்கு மேல் போக வேண்டாம். மிச்சக் காசை அப்படியே வையும். இந்த மாநிலத்தில் 25 வருடம் கடந்த கார்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட கழகம் ஒன்றில் சேர்ந்தால், வருடத்துக்கு 45 அல்லது 90 நாள் மட்டும் ஓட்டும் சலுகை அனுமதி உண்டு. முழுப் பதிவைவிட மலிவு, ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் ஒரு கொப்பியில் பதிய வேண்டும். உமது தகுதிகாண் காலம் முடியும்போது இந்தக் கார் இல்லாவிட்டால் இன்னொன்று விற்பனைக்கு வரும். என்னுடைய இரண்டாவது டர்போ காரை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் டண்டினோங் மலைப்பாதைக்குப் போகிறது, மற்ற நாட்களில் துணி போர்த்திக் கிடக்கிறது.

அனுமதிப்பத்திரத் திகதியைப் பார்த்து எழுதும். மூன்று வருடம் ஏற்கெனவே கடந்து, வேலைக்கு ஓட வேறொரு காரும் இருக்கிறது என்றால் என் பதில் மாறும். அப்போது விற்பவரின் வீட்டுக்கு நானும் வருகிறேன், காலை எட்டு மணிக்கு முன்னர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.