நாய்க்கு டிக்கெட், குட்டிக்கு பில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோடை விடுமுறை நெருங்குகிறது. நாய் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: போன மாதம் 18,000 ரூபாய் கொடுத்து ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று சொல்லி ஒரு கார்டும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். டாக்டர் பரிசோதனை கிட் வைத்துப் பார்த்துவிட்டு பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். ஐந்து நாள் டிரிப் ஏற்றியும் குட்டி பிழைக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால், "உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது, நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்கிறார். பில்லும் தரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: முடியும். ஐந்து நாள் அந்தக் குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அதற்கு மேல் "நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லை" என்ற பேச்சையும் கேட்க வேண்டியதாகிவிட்டது. முதலில் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய பொதுவாக மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும், சில குட்டிகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். உங்கள் குட்டிக்கு வாந்தி வந்தது மூன்றாம் நாளில். அப்படியானால் விற்றவர் வீட்டிலேயே கிருமி தொற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதையே உங்கள் டாக்டரிடம் இரண்டு வரியில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் பதிவு எண்ணும் சேர்த்து வாங்குங்கள். கிட் பரிசோதனை முடிவு, டிரிப் போட்ட பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

அடுத்து, அவர் கொடுத்த கார்டை எடுத்துப் பாருங்கள். டாக்டர் ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியின் சின்ன ஸ்டிக்கரை உரித்துக் கார்டில் ஒட்டியிருப்பார். அதில் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பக்கத்தில் கையெழுத்தும் பதிவு எண் உள்ள முத்திரையும் இருக்கும். எனக்கு வரும் புகார்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு மாதிரிக் கார்டு. ஸ்டிக்கர் இருக்காது. "7 இன் 1" (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) என்று பேனாவில் எழுதி, ஒரு தேதி போட்டு, கீழே ஒரு கிறுக்கல். மூன்று ஊசியும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதியது போல இருக்கும். உங்கள் கார்டும் அப்படி இருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி. படம் எடுத்து வையுங்கள்.

பில் தராதது அவருடைய தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கு பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப்பில் விலை பேசிய செய்திகள், குட்டியின் படத்தை அவர் அனுப்பிய தேதி எல்லாமே ஆதாரம்தான். எதையும் அழித்துவிடாதீர்கள்.

விற்றவருக்கும் விதிகள் உண்டு. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. "உங்கள் பதிவு எண் என்ன, குட்டி பிறந்த தேதி என்ன" என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்கள் கோப்புக்கு உதவும்.

பிறகு, குட்டியின் விலை, வைத்தியச் செலவு இரண்டையும் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை, நீங்களே எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள், அல்லது நேராக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். முழுப் பணமும் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கார்டும் கிட் முடிவும் டாக்டர் கடிதமும் ஒன்றாக இருக்கும் மனுவைத் தள்ளிவிடுவது லேசில்லை.

இன்னொரு விஷயம், இது அவசரம். உடனே அடுத்த குட்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பார்வோ கிருமி தரையிலும் துணியிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் போதாது. வீட்டு ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, அழுக்கைக் கழுவிய பிறகு தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். தட்டு, படுக்கைத் துணி, கயிறு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்து வரும் நாய்க்குத் தடுப்பூசி வரிசை முழுதாக முடிந்திருக்கட்டும்.

கேள்வி: மே மாதம் மதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம். நானும் கணவரும் எங்கள் லேப்ரடார் சீனுவும். சீனு 28 கிலோ. இதுவரை ரயிலில் கூட்டிப் போனதில்லை. 3 ஏசியில் கீழே படுத்துக்கொள்ள விடமாட்டார்களா? நாய்ப்பெட்டியில் போட மனம் வரவில்லை. (வாசகி, பெரம்பூர்)

பதில்: விடமாட்டார்கள். 3 ஏசி, 2 ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாயை ஏற்ற முடியாது. சொல்லாமல் ஏற்றி டிக்கெட் பரிசோதகர் கண்ணில் பட்டால் ஆறு மடங்கு கட்டணம் போடுவார்கள், நாயும் ரயில் கார்டு (guard) இருக்கும் பெட்டியில் உள்ள நாய்ப்பெட்டிக்குப் போகும். வைகை, தேஜஸ், வந்தே பாரத் மூன்றிலும் சேர் கார்தான், அவற்றை மறந்துவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் பாண்டியன். அதில் ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ் உண்டு. அந்த வகுப்பில் இரண்டு பேர் படுக்கும் அறைக்கு கூப்பே என்று பெயர், நான்கு பேர் படுப்பது கேபின். அறை முழுவதும் உங்களுடையதாக இருந்தால்தான் நாய் உள்ளே வரலாம். நீங்கள் இரண்டு பேர் என்பதால் கூப்பே கிடைத்தால் போதும். சிக்கல் என்னவென்றால், டிக்கெட் எடுக்கும்போது கூப்பேயா கேபினா என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சார்ட் போடும்போதுதான் ஒதுக்குவார்கள். அதனால் இரண்டு டிக்கெட்டையும் ஒரே பிஎன்ஆரில் எடுத்துவிட்டு, "நாயோடு பயணம் செய்கிறோம், கூப்பே ஒதுக்கித் தரவும்" என்று டிக்கெட் நகலோடு ரயில்வே வணிகப் பிரிவு அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.

கூப்பே கிடைத்தாலும் நாய்க்குத் தனியாக பார்சல் ஆபீஸில் கட்டணம் கட்ட வேண்டும். வண்டி கிளம்ப மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உங்கள் டிக்கெட், அடையாள அட்டை, ரேபிஸ் ஊசி போட்ட கார்டு, பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு கால்நடை மருத்துவர் கொடுத்த உடல் தகுதிச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் நாயின் இனம், நிறம், வயது, ஆணா பெண்ணா என்பது கார்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். திரும்பி வரும்போதும் இதே வேலை உண்டு. மதுரையில் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும், அதற்கு ஒரு அரை நாளை ஒதுக்கிவையுங்கள்.

நாய்ப்பெட்டியைப் பற்றி. பல வருடம் முன்பு எங்கள் கருப்பியை ஒரு தடவை அதில் அனுப்பினேன். கார்டு இருக்கும் பெட்டியில் ஒரு ஓரமாக இரும்பு அறை, கம்பிக் கதவு, தரையும் தகரம். அவள் கழுத்தைக் குனிந்துதான் நிற்க முடிந்தது. விழுப்புரத்தில் வண்டி நின்றதும் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். கம்பிக்கு வெளியே நீட்டிய மூக்கை என் கையில் வைத்து அழுத்தினாள், தண்ணீரைத் தொடவே இல்லை. அது டிசம்பர் மாதம். மே மாதத்தில் ஒரு லேப்ரடாரை அதில் வைக்க நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தகர அறையின் அனல் காற்றில் இரைத்து என்ன பயன்? தவிர, எல்லா வண்டியிலும் நாய்ப்பெட்டி இருக்கும் என்றும் நம்ப முடியாது.

ஆகவே, சார்ட்டில் கூப்பே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். என் யோசனை, வாடகைக் கார். "நாய் வரும்" என்பதைப் பேரம் பேசும்போதே சொல்லி, அதையும் சேர்த்து விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு சீட் கழுவும் கூலி என்று ஆயிரம் ரூபாய் கூடக் கேட்பது வழக்கமாகிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் உச்சி வெயிலுக்கு முன் திருச்சியைத் தாண்டிவிடலாம். கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறக்குங்கள். நாயின் கழுத்துப் பட்டையில் சீட் பெல்ட்டை மாட்டாதீர்கள், திடீர் பிரேக் போட்டால் கழுத்து போய்விடும். மார்போடு சேர்த்துப் பூட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். டீ குடிக்க இறங்கும்போது ஒருவர் நாயோடு இருக்க வேண்டும். பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும், ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

தூங்க வைக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கீழே சின்னதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் டாக்டர் பார்த்து எழுதித் தராமல் எதையும் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு விஷம்.

கேள்வி: பெட் ஷாப்பில் 20 கிலோ மூட்டையைப் பிரித்து, கிலோ கணக்கில் கவரில் போட்டு விற்கிறார்கள். விலையும் குறைவு. வாங்கலாமா? வீட்டுச் சாப்பாடு நல்லதா, பாக்கெட் நல்லதா? (வாசகர், ஈரோடு)

பதில்: லூஸில் வாங்க வேண்டாம். அந்தக் கவரில் தயாரித்த தேதி இல்லை, காலாவதி தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. நாய்த் தீவனத்தில் கொழுப்பு இருப்பதால் மூட்டையைத் திறந்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். நாய் திடீரென்று தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் முதலில் கவரைச் சந்தேகப்படுங்கள். சின்ன மூட்டையாக, முத்திரை உடையாததாக வாங்குங்கள்.

ஈர உணவுப் பாக்கெட்டில் "புரதம் 8%" என்றும் உலர் உணவில் "24%" என்றும் பார்த்துவிட்டு உலர் உணவுதான் சத்து என்று நினைப்பவர்கள் அதிகம். ஈர உணவில் நூற்றுக்கு எண்பது தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டால் மிச்சம் இருபதில் எட்டு புரதம், அதாவது 40%. உலர் உணவில் தண்ணீர் பத்துதான், கழித்துப் பார்த்தால் 27%-க்குப் பக்கம் வரும்.

வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். எலும்பில்லாத கோழி, முட்டை, சோறு, கேரட், பூசணி, எதிலும் காரம் வேண்டாம். நம் குழம்பை ஊற்றக் கூடாது, வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களை அழிக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எதுவும் ஆகாது. வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆனால் வளரும் குட்டிக்கு, அதிலும் பெரிய இனக் குட்டிக்கு, வெறும் கோழிச் சோறு போதாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் எலும்பு கோணும், கடையில் கேட்டு கால்சியம் டானிக் ஊற்றி அதிகமானாலும் கோணும். குட்டிப் பருவம் முடியும் வரை குட்டிகளுக்கான பாக்கெட் உணவே கொடுங்கள்.

கேள்வி: பத்து நாள் வெளியூர். நாயை விட்டுப் போகும் இடங்களில் நாள் வாடகை 400-லிருந்து 1,200 வரை சொல்கிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாடகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் அவர்கள் உங்களிடம் ஊசி கார்டைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் பக்கத்துக் கூண்டில் இருக்கும் நாயின் கார்டையும் கேட்டிருக்க மாட்டார்கள், அங்கே விடாதீர்கள். அப்புறம், நாய் ராத்திரி எங்கே தூங்கும் என்று கேட்டு அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையை மட்டும் காட்டி அனுப்பினால் சந்தேகப்படுங்கள். இரவில் ஆள் தங்குகிறாரா, பவர் கட் ஆனால் மின்விசிறி ஓடுமா என்றும் கேளுங்கள்.

போகும் முன் ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாருங்கள். மறுநாள் அழைத்து வரும்போது குரல் கம்மியிருந்தால் ராத்திரி முழுக்கக் குரைத்திருக்கிறது என்று அர்த்தம். தட்டில் தண்ணீர் வைத்ததும் விடாமல் குடித்தாலும் யோசியுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் எந்த டாக்டரிடம் போவார்கள், உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வது சேவை, அதில் குறை இருந்தால் அந்த ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. வீட்டில் சாப்பிடும் உணவையே பத்து நாளுக்கு அளந்து கொடுத்துவிடுங்கள், நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்றையும் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: உண்ணி மாத்திரை விலை அதிகம். பெரிய நாய்க்கான ஒரே மாத்திரையை உடைத்து இரண்டு சின்ன நாய்களுக்குக் கொடுக்கலாமா? வீட்டில் பூனையும் உண்டு. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். மெல்லும் மாத்திரையில் மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு அதிகமாகும், இன்னொன்றுக்குப் போதாமல் உண்ணிக் காய்ச்சல் வரும். எடை பார்த்து அந்த எடைக்கான மாத்திரையை வாங்குங்கள். வலிப்பு வந்த நாயாக இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்து வாங்கினால் பெட்டியில் "பெர்மெத்ரின்" என்று இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த அளவு பூனையைக் கொன்றுவிடும். நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனை என்றால் அந்த மருந்தை வாங்கவே வாங்காதீர்கள்.