வலைக்கு ஈயம் வாங்கப் போறீங்களா? பேட்டரி ஈயம் மட்டும் வேணாம்

கேள்வி: அண்ணே, பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வச்சிருக்கோம். வலை தண்ணில முங்குறதுக்குக் கட்டுற ஈயமணி ரெடிமேடா வாங்குனா கட்டுபடி ஆகல, நாமளே வார்த்துக்கலாம்னு இருக்கோம். பழைய இரும்புக் கடையில பேட்டரி ஈயம் சல்லிசா தர்றேங்குறாங்க. மச்சான் வேற ஏதோ வீடியோ பாத்துட்டு, அமெரிக்காவுல ரிவால்வர் குண்டு வார்க்கிறவங்க கெட்டி ஈயம்தான் போடுறாங்க, மெது ஈயம்னா பேரலுக்குள்ள, அதான் துப்பாக்கிக் குழாய்க்குள்ள, அப்பிக்கும், நாமளும் கெட்டியாத்தான் போடணும்ங்குறான். எதை வாங்குறது?

பதில்: தம்பி, மச்சான் பாத்தது தப்பில்ல, ஆனா அது வேற பஞ்சாயத்து. ரிவால்வர்ல குண்டு பேரல விட ஒரு துளி சின்னதா இருந்தா பின்னாடி இருந்து வர்ற சூடான கேஸ் சந்து வழியா பீச்சிக்கிட்டு ஓடும், அப்ப குண்டோட ஓரத்த அரிச்சு ஈயத்த பேரல் பூரா பூசிவிட்டுரும். அதனால அங்க உள்ளவங்க பேரல் 0.357 இன்ச்னா குண்ட 0.358க்கு வைப்பாங்க, தேன்மெழுகு கலந்த கிரீஸ் தடவுவாங்க. வெறுமனே கெட்டியா வார்த்தா தீந்துச்சுன்னும் இல்ல, வெடிமருந்தோட அழுத்தம் கம்மியா இருந்தா கெட்டிக் குண்டு விரிஞ்சு சந்த அடைக்காது, அப்பவும் அப்பும். அளவு சரியில்லன்னா ஈயத்த மாத்தி என்ன பிரயோஜனம்? அதோட நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யிறது 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம், அத வீடியோல பாக்குறதோட விட்ரச் சொல்லுங்க.

வலைக்கு வேண்டியது மெது ஈயம். மணிய கயித்துல வச்சு கொறடால அமுக்கும்போது வெண்ணெய் மாதிரி மடங்கணும், ஆண்டிமணிங்குற உலோகம் கலந்த கெட்டி ஈயம்னா விரிசல் விட்டு ரெண்டா போயிரும்.

பேட்டரி ஈயம் வேணவே வேணாம். அதுல ஆசிட் ஊறியிருக்கும், ஆண்டிமணி இருக்கும், ஆர்சனிக்கும் கொஞ்சம் இருக்கலாம், உருக்குனா என்ன புகை வருதுன்னே தெரியாம மூச்சுல இழுத்துக்கிட்டு இருப்பீங்க. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழைய பேட்டரி பதிவு பண்ண ரீசைக்கிளிங் ஆளுங்ககிட்டதான் போகணும், அந்தக் கடைக்காரர் ஒடச்சு விக்கிறதே தப்பு. உங்க வீட்ல பழைய பேட்டரி கெடந்தா புதுசு வாங்குற கடையிலயே குடுத்து வெலையில கழிச்சுக்கோங்க. டயர் கடையில வீல் பேலன்ஸ் கட்டை கேட்டு வாங்குறவங்களும் உண்டு, இப்ப அதுல பாதி இரும்பும் துத்தநாகமுமா வருது, காந்தத்த வச்சா இரும்பு மாட்டிக்கும், துத்தநாகம் தப்பிச்சிரும்.

பழைய வலை மணி, ஈயத் தகடு, பழைய கேபிளோட ஈய உறை கெடச்சா வாங்குங்க. கடையிலயே நகத்தால கீறிப் பாருங்க, கோடு விழணும், கத்தியால சீவுனா உள்ள பளபளன்னு இருக்கணும். சந்தேகமா இருந்தா ஒரு கிலோவ அளவு போட்ட ஜாடித் தண்ணில முக்குங்க. நல்ல ஈயம்னா தண்ணி 88 மில்லி கிட்ட ஏறும், துத்தநாகம்னா 140 ஏறும். கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும், காசு நம்மளது.

உருக்குறதுல நான் பட்டத சொல்றேன். ஒரு தடைக்கால சீசன்ல பழைய வலையில இருந்து அறுத்த மணிய, மேல காஞ்சுதான இருக்குன்னு, ஏற்கனவே உருகி நின்ன ஈயத்துல போட்டேன். ஓட்டைக்குள்ள உப்போட ஈரம் இருந்திருக்கு, பொட்டுன்னு வெடிச்சு சட்டில இருந்தது பாதி மணல்ல, ஒரு சொட்டு என் புறங்கால்ல, தழும்பு இன்னும் இருக்கு. அதனால மணிய மொதல்லயே காலிச் சட்டில போட்டு அடுப்பு மூட்டுங்க, 327 டிகிரில ஈயம் உருகுறதுக்கு முன்னாடியே ஈரமெல்லாம் போயிரும். நடுவுல எதையும் சேக்காதீங்க, அச்சையும் சூடு காட்டிட்டு ஊத்துங்க. வெட்டவெளியில காத்து முதுகுல படுற மாதிரி நின்னுக்கோங்க. மேல படியிற கசடத் தகர டப்பால மூடி வைங்க, பிள்ளைக வெளாடுற எடத்துல கொட்டாதீங்க, ஈயம் வெசம், அந்தத் தூசிதான் பிள்ளைக ஒடம்புக்குள்ள போகும். கை கழுவாம பீடி பத்த வைக்காதீங்க. அப்புறம் நம்ம ஆளுக மணிய பல்லால கடிச்சு இறுக்குவாங்கல்ல, அதையும் விட்ருங்க.

கேள்வி: அதே ஈயத்துலதான ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் செய்யிறாங்க, அதுல சாப்பிடலாம்னா இது மட்டும் எப்டி வெசம்னு அம்மா கேக்குறாங்க?

பதில்: பேருதான் ஒண்ணு. ரசச் சொம்பு வெள்ளீயம், வலையில கட்டுறது காரீயம், ரெண்டும் வேற வேற உலோகம். ஆனா அம்மா கேட்டது நல்ல கேள்வி, ஏன்னா வெல கொறைக்க காரீயம் கலந்த சொம்பும் சந்தைக்கு வருது. வெள்ளைத் தாள்ல சொம்போட அடிப்பக்கத்த தேச்சுப் பாருங்க, பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தா காரீயம் இருக்கு, வாங்காதீங்க. கோடு விழலன்னாலும் கலப்பே இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தெரிஞ்ச கடையில பில்லோட வாங்குங்க. ரசம் கொதிச்ச பெறகு சொம்ப காலியா அடுப்புல வச்சிராதீங்க, வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிரும், சொம்பு அடுப்புக்குள்ள போயிரும்.