தரை ஆடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? தலைச்சுற்றலோடு வாழ்பவர்களின் கேள்விகளுக்கு பதில்

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. நான் மருத்துவர் இல்லை. கும்பகோணம் பக்கத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். 2013இல் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன், வகுப்பறை மொத்தமும் சுழன்றது. மேசையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். இடது காதின் சமநிலை நரம்பில் அழற்சி என்றார்கள். சுழற்சி நாலு நாளில் நின்றது. அதன் பிறகு வந்த மிதப்பு, படகில் நிற்பது போன்ற அந்த ஆட்டம், இன்னும் முழுதாகப் போகவில்லை. இத்தனை வருடத்தில் மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். மருந்து விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர் உங்களைப் பார்க்கும் மருத்துவர்.

டீச்சர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஆனால் எட்டு மாதமாகத் தரை ஆடுகிறது. "வேலை செய்ய வலிக்குது, அதான் நடிக்கிறா" என்று மாமியார் சொல்கிறார். இப்போதெல்லாம் கணவரும் பதில் பேசுவதில்லை. (34 வயது, மதுரை)

அம்மா, இதை எழுதும்போது உங்களுக்கு அழுகை வந்திருக்கும். நானும் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் நடிக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது மூளையின் அமைப்பை. கட்டி இருக்கிறதா, ரத்தக் கசிவு இருக்கிறதா என்று அதில் தெரியும். காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றின் நரம்பும் சரியாக வேலை செய்கின்றனவா என்று அதில் தெரியாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு. காதில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் விட்டுக் கண்ணின் அசைவைப் பார்ப்பது அதில் ஒன்று. இந்தச் சோதனையை விளக்கிய ராபர்ட் பரானி 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். நூறு வருடத்துக்கு மேல் பழைய சோதனை, ஆனாலும் நம் ஊரில் பல பேருக்கு அதை எழுதித் தருவதே இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், "சமநிலைக்கான சோதனை எடுக்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையும் நார்மல் என்று வரலாம். அப்போதும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பி.பி.பி.டி. என்று ஒரு நிலை இருக்கிறது. பரானியின் பெயரிலேயே இயங்கும் சர்வதேசச் சங்கம் 2017இல் அதற்கு வரையறை கொடுத்தது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் மிதப்பும் தள்ளாட்டமும் இருக்கும். நிமிர்ந்து நின்றால், நடந்தால், கண்ணுக்கு முன்னால் நிறைய அசைந்தால் கூடும். காதில் ஒரு கோளாறு போல ஏதாவது வந்து போனபின், மூளை மட்டும் பழைய எச்சரிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது அது. கருவியில் தெரியாது, நீங்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கும் மருத்துவருக்குத்தான் தெரியும்.

கணவரிடம் ஒன்று கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரும் உள்ளே வந்து உட்காரட்டும். என் வீட்டுக்காரர் நம்பியது நான் சொல்லி இல்லை, மருத்துவர் வாயால் கேட்டுத்தான். அந்த வருத்தம் எனக்கு இருந்தது, ஆனாலும் அது வேலை செய்தது.

எனக்கு அடிக்கடி மயக்கம். பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள், கழுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை போட்டார்கள், வீட்டில் பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுக்கிறார்கள். எதிலும் சரியாகவில்லை. (61 வயது)

ஐயா, "மயக்கம்" என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு விழப்போவது, வீடே சுழல்வது, தலை தெளிவாக இருந்தும் கால் தள்ளாடுவது, மூன்றுக்கும் நாம் மயக்கம் என்றே சொல்கிறோம். மருத்துவர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பிரஷரைப் பார்க்கிறார். இனிமேல் அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். "படுக்கையில் வலது பக்கம் திரும்பினால் அரை நிமிடம் அறை சுழல்கிறது" என்பது போலச் சொல்லுங்கள். எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்தால் வருகிறது, கூடவே காது அடைப்போ இரைச்சலோ தலைவலியோ உண்டா என்று ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு போங்கள். பாதி நோயறிதல் அதிலேயே இருக்கிறது.

ஆனால் திடீரெனத் தலை சுற்றும்போது பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, எழுந்து நிற்கவே முடியாவிட்டாலோ குறித்துக்கொண்டு உட்காராதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108.

பெயிண்டர் வேலை. சாரத்தில் ஏறி மேலே அண்ணாந்து பார்த்தால் சுத்துது. ஒரு நிமிஷத்துல நின்னுடும். வேலையை விட முடியாதுங்க.

தம்பி, சாரத்தில் ஏறுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். சொல்வதைப் பார்த்தால் காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்த மாதிரி இருக்கிறது. அண்ணாந்தால், குனிந்தால், படுக்கையில் புரண்டால் வரும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அப்படியென்றால் இங்கே வந்திருக்கும் எல்லாரிலும் சீக்கிரம் சரியாகக்கூடியது உங்களுக்குத்தான். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைத்து அந்தத் துகளை வெளியே கொண்டுவரும் முறை ஒன்று இருக்கிறது, எப்லி முறை என்பார்கள். பத்து நிமிட வேலை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று மருத்துவர் பார்த்தபின் செய்ய வேண்டியது, செல்போனில் பார்த்து நீங்களே தொடங்காதீர்கள். திரும்ப வரக்கூடியது என்பதால், சரியான பிறகும் சில நாள் தரைமட்ட வேலையே கேட்டு வாங்குங்கள். மேஸ்திரியிடம் மறைக்காதீர்கள்.

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போய், கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். எல்லாரும் சேலை பார்க்கிறார்கள், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஏன் கடையில் மட்டும் இப்படி?

நாம் நிலையாக நிற்க மூன்று இடத்திலிருந்து செய்தி வருகிறது: உள்காது, கண், கால் பாதமும் மூட்டுகளும். காதின் செய்தி நம்பும்படி இல்லை என்று ஆனதும் மூளை கண்ணையே அதிகம் நம்பத் தொடங்குகிறது. ஜவுளிக்கடையில் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது? சுவர் முழுக்க அடுக்கிய நிறங்கள், நாலு பக்கமும் கண்ணாடி, மேலே போகும் எஸ்கலேட்டர், முன்னால் விரித்து விரித்து மடிக்கும் சேலைகள், குறுக்கே நடக்கும் கூட்டம். எதைப் பிடித்து நிற்பது என்று தெரியாமல் மூளை தடுமாறுகிறது.

கூட்டமில்லாத நாளில் காலையில் கடை திறந்ததும் போங்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், சேலை உங்களிடம் வரட்டும். கால்மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்து தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். ஆனால் கடைக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். முதலில் கடை, பிறகு கோயில் கூட்டம், பிறகு பஸ் என்று ஒவ்வொன்றாக விட்டேன். கடைசியில் வாசல்படி தாண்டவே பயந்தேன். வீட்டுக்குள் இருந்த அந்த வருடத்தில், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கை பட்டுப் பட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு விழுந்திருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் "இது என்னம்மா?" என்று கேட்டபோதுதான் நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

மூன்று வருடமாக ஸ்டெமெட்டில் மாத்திரை போடுகிறேன். நிறுத்தினால் பயமாக இருக்கிறது.

முதல் சில நாட்களின் வாந்திக்கும் கடும் சுழற்சிக்கும் தரும் மருந்து அது. மாதக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சரிசெய்துகொள்வது தாமதமாகும். நீண்ட நாள் போடுபவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, கை நடுக்கம், உடல் இறுக்கம் போன்ற பார்க்கின்சன் அறிகுறிகளும் வரக்கூடும். தலைச்சுற்றலுக்குத் தரும் இன்னொரு மருந்தான சின்னாரிசினுக்கும் இது பொருந்தும். நீங்களாக நிறுத்தாமல், இந்த வாரமே மருத்துவரிடம் "மூன்று வருடம்" என்று சொல்லுங்கள். மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்குவதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதுதான் உதவும்?

அசைவு. சமநிலைக்கான பயிற்சிகள். 1940களில் தலையில் அடிபட்ட படைவீரர்களுக்காக இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்ற இருவர் வகுத்ததிலிருந்து இது வளர்ந்தது. எந்த அசைவு சுற்றலைக் கொண்டுவருகிறதோ அதையே சின்ன அளவில், பாதுகாப்பாக, தினமும் கொடுத்து மூளையைப் பழக்குவது.

நான் செய்தது இது. சுவரில் மாட்டிய தினசரி காலண்டருக்கு முன் நாற்காலியில் உட்காருவேன். கண் அந்தப் பெரிய தேதி எண்ணின் மேல். தலையை "இல்லை இல்லை" என்பது போல இடமும் வலமுமாக ஆட்டுவேன், எண் மங்காமல் இருக்கும் வேகத்தில். முதல் நாள் பத்து நொடிகூடத் தாங்கவில்லை, குமட்டியது. பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், அப்புறம் நின்றுகொண்டு. பயிற்சியால் கூடும் சுற்றல் கால்மணி, இருபது நிமிடத்தில் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைக்கு அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் முடித்ததும் தாளைக் கிழிப்பேன். முன்னேற்றம் வாரத்தில் தெரியவில்லை, கிழித்த தாள்களின் கட்டைப் பார்த்தபோது தெரிந்தது. இந்தப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் தொடங்குவதே நல்லது, ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் பொருந்தாது.

மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள். எனக்குக் காதில் பிரச்சினையா, மனதிலா? (இளைஞர், 26)

இந்தக் கேள்வியை நானும் இரவு முழுக்கச் சுமந்திருக்கிறேன் தம்பி. காதிலிருந்து வரும் சமநிலை நரம்பு போய்ச் சேரும் மூளைத்தண்டுப் பகுதிக்கும், பயத்தை எழுப்பும் பகுதிக்கும் இணைப்பு உண்டு. காலுக்குக் கீழே தரை நகர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். இது கோழைத்தனம் இல்லை. பயம் கூடினால் சுற்றல் கூடும், சுற்றல் கூடினால் பயம் கூடும். அந்த வட்டத்தை எங்கே உடைத்தாலும் நல்லதுதான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளைப் பி.பி.பி.டி.க்குக் கொடுப்பது அதற்காகத்தான். குறைந்த அளவில் தொடங்குவார்கள், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம், திடீரென நிறுத்தக்கூடாது. நான் ஒன்றரை வருடம் சாப்பிட்டேன்.

ஊசி மருந்துக்குப் பிறகு இரண்டு காதிலும் சமநிலை போய்விட்டது என்கிறார்கள். நடந்தால் எதிரே வருபவர் முகமே குலுங்குகிறது. இப்படி வேறு யாருக்காவது உண்டா?

உண்டு. ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் சிலருக்கு இப்படிச் செய்யும். 1952இல் ஓர் அமெரிக்க மருத்துவர், ஸ்ட்ரெப்டோமைசினால் தனக்கே இது நேர்ந்ததை மருத்துவ இதழில் எழுதினார். நாடித் துடிப்பில் தலை அசைவதற்கே புத்தகத்தின் எழுத்து குலுங்கியதாம். கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை அண்டக்கொடுத்துப் படித்திருக்கிறார். உங்களுக்கு மிச்சம் இருப்பவை கண்ணும் காலும்தான், அதனால் இருட்டும் மணலும் மெத்தையும் ஆபத்து. இரவு விளக்கு எரியட்டும். ஆற்றிலோ குளத்திலோ முங்காதீர்கள், தண்ணீருக்குள் மேல் கீழ் தெரியாது. தெருவில் பார்த்தும் பேசாமல் போகிறீர்கள் என்று யாராவது கோபித்தால், நின்றால்தான் முகம் தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.

மெனியர் நோய்க்கு உப்பு?

சுழற்சியோடு காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் விட்டு விட்டு வரும் உள்காது நோய் அது. உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் முதலில் போகட்டும். காது கேட்கும் திறனை அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

2016 சட்டத்தில் 21 வகை இருக்கிறது, சமநிலைக் கோளாறு தனி வகையாக இல்லை. காது கேளாமையும் சேர்ந்திருந்தால் அந்த வழியில் கேட்டுப் பார்க்கலாம். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மனைவிக்கு ஐந்து வருடமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

இப்படிக் கேட்டதற்கே நன்றி. பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், சட்டெனத் திரும்புவார். கையை இறுக்கிப் பிடிக்காமல் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும். மணிக்கொரு தரம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். விசேஷத்துக்குப் போனால், "போகலாம்" என்று அவர் சொன்னதும் ஏன் என்று கேட்காமல் கிளம்புங்கள். அந்த உறுதி இருந்தால் அவர் அதிக நேரம் உட்காருவார்.

டீச்சர், இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இப்படியே இருப்பதற்குச் செத்துவிடலாம் என்று சில இரவு தோன்றுகிறது.

சொன்னீர்களே, நல்லது. இன்று இரவே வீட்டில் ஒருவரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். 14416 என்பது டெலிமானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். அந்த எண்ணம் நெருங்கி வந்தால் தனியாக இருக்காதீர்கள், பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எனக்கும் மூன்றாவது வருடம் அப்படி ஒரு காலம் இருந்தது. அப்போது இருந்த அளவு சுற்றல் இப்போது எனக்கு இல்லை, அப்படிக் குறையும் என்று அன்றைக்கு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். நாளை எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

மார்கழி வருகிறது. குனிந்து கோலம் போட முடியுமா அக்கா?

முடியும். வாசலைத் தெளிப்பதை வேறு யாராவது செய்யட்டும், ஈரத்தில் குனிந்து நகர்வதுதான் மோசம். விடியட்டும், இருட்டில் போடவேண்டாம். சின்ன முக்காலியில் உட்கார்ந்து, முதலில் புள்ளி முழுவதையும் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிமிர்ந்து எதிர்வீட்டுத் தூணைப் பாருங்கள். பிறகு ஒரு வரிசை, மறுபடி தூண். தலையைத் தூக்கும்போது மெதுவாக. போன மார்கழியில் நான் ஏழு புள்ளி வரை போட்டேன். சிக்குக் கோலம் இன்னும் முடியவில்லை, வளைவோடு கண் போகும்போது தரையும் கூடவே போகிறது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் தொடங்குங்கள்.