மாயன் மொழிகள் அழிந்துவிட்டனவா? இன்று எங்கேயாவது பேசுகிறார்களா?

அழியவில்லை. ஏறக்குறைய 30 மொழிகள், 60 லட்சம் பேர் அளவில் பேசுகிறார்கள். 2012-ல் உலகம் அழியப்போகிறது என்ற பரபரப்பில் ‘மர்மமாக மறைந்த மாயன்கள்’ என்று நம் ஊடகங்கள் எழுதித் தள்ளியதை நம்பித்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 9-ம் நூற்றாண்டு வாக்கில் மாயன்களின் தெற்குத் தாழ்நிலத்து நகரங்கள் பல கைவிடப்பட்டன என்பது உண்மை. மக்கள் எங்கும் மறைந்துவிடவில்லை.

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாதான் மையம். அங்கே 22 மாயன் மொழிகளுக்கு அரசு அங்கீகாரம் உண்டு. கெக்ச்சி, கிச்சே இரண்டையும் தலா 10 லட்சத்துக்கு மேல் பேசுகிறார்கள். அடுத்து மாம், கக்சிகேல். மெக்சிகோவின் 2020 கணக்கெடுப்பில் யுகடான் மாயா 7.7 லட்சம், சியாப்பாஸ் மலைகளில் செல்டால் 5.9 லட்சம், சோட்சில் 5.5 லட்சம். வாஸ்டெக் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி, வடக்கே சான் லூயிஸ் பொதோசி, வெராக்ரூஸ் பக்கம் இருக்கிறது. பெலீஸின் தெற்கே மோபானும் கெக்ச்சியும் கேட்கலாம்.

மொழிகளின் எண்ணிக்கை ஏன் ஆளுக்கொன்றாக இருக்கிறது என்று சண்டைக்கு வருவோருக்கு: குவாத்தமாலாவில் பேசப்படும் ‘ஆச்சி’யைத் தனிமொழி என்பாரும் உண்டு, கிச்சேயின் வட்டார வழக்கு என்பாரும் உண்டு. கணக்கு அதனால்தான் மாறுகிறது.

பயணத்துக்கோ மொழிபெயர்ப்பு வேலைக்கோ கேட்கிறீர்கள் என்றால், மாநிலப் பெயரை வைத்து மொழியை முடிவு செய்யாதீர்கள். ஊராட்சிப் பெயர் வேண்டும். குவாத்தமாலாவின் வேவேதெனாங்கோ என்ற ஒரே மாநிலத்தில் தோதோஸ் சாந்தோஸில் மாம், சாந்தா எவுலாலியாவில் கான்ஹோபால், சான் மதேயோ இஷ்தாதானில் சூஹ், ஹக்கால்தெனாங்கோவில் பொப்தி. அதே நாட்டின் அதித்லான் ஏரியில் படகு ஏறினால் பனஹச்செல் கரையில் கக்சிகேல், எதிர்க்கரையில் சந்தியாகோவில் சுதுஹில். மாம் மொழிக்குள்ளேயே ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடும். ‘மாம் தெரியும்’ என்று ஒருவரை அழைத்து வந்தாலும் பாதி புரியாமல் போகலாம். மொழிபெயர்ப்பாளர், பேசவேண்டியவர் இரண்டு பேரையும் சில நிமிடம் பேசவிட்டுப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

‘ஸ்பானிஷ் தெரியுமா?’ என்று கேட்டால் ‘தெரியும்’ என்றே பதில் வரும். பழிக்கப்பட்டுப் பழகியவர்கள் தாய்மொழியை வெளியே சொல்லத் தயங்குவார்கள். ‘வீட்டில் அம்மாவிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்?’ என்று கேளுங்கள். ஸ்பானிஷில் ‘தியலெக்தோ’ (வட்டார வழக்கு) என்ற சொல்லைத் தவிருங்கள், ‘இதியோமா’ (மொழி) என்று சொல்லுங்கள். முன்னதில் இகழ்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லாந்தில் மாம் பேசுவோரும், லாஸ் ஏஞ்சலஸில் கான்ஹோபால் பேசுவோரும் கணிசமாக இருக்கிறார்கள். குவாத்தமாலா என்றதும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது அநியாயம். மருத்துவமனையிலும் குடியேற்ற நீதிமன்றத்திலும் அந்தத் தவறின் விலையைக் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான்.

லட்சக்கணக்கு பார்த்து நிம்மதி அடையவும் முடியாது. குவாத்தமாலாவின் வடக்கே பெதெனில் சான் ஹோசே ஊரின் இட்சா மொழி சில முதியவர்களிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தலைநகரை ஒட்டிய கக்சிகேல் ஊர்களில் பிள்ளைகள் பலர் பாட்டி பேசுவதைப் புரிந்துகொண்டு ஸ்பானிஷில் பதில் சொல்கிறார்கள்.