நீர்க்கட்டிக்கு ஆற்றுத் தண்ணீர் காரணமா?

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டி. 52 வயதில் டயாலிசிஸ். இப்போது 34 வயதில் எனக்கும் ஸ்கேனில் இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து கட்டிகள். "ஆத்துத் தண்ணி கெட்டதுதான் காரணம்" என்கிறார் அத்தை. டாக்டர் ‘சீலியா’ என்று ஏதோ சொன்னார். அது என்ன? ஆறு வயது மகனுக்கும் வருமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் உங்கள் கட்டிகளுக்கு ஆறு காரணமில்லை அம்மா. இது அப்பா வழியில் வந்த ஜீன் கோளாறு.

கிட்னியின் நுண்குழாய்களில் பெரும்பாலான செல்களிலிருந்து ஒரே ஒரு முடி, சிறுநீர் ஓடும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிரைமரி சீலியா. 1898லேயே உடற்கூறியல் ஆய்வாளர் சிம்மர்மன் இதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதிவிட்டார். ஆனாலும் வேலையற்ற மிச்சம் என்றே வெகுகாலம் ஒதுக்கிவைத்தார்கள். உண்மையில் அது செல்லின் ஆன்டெனா. பிகேடி1, பிகேடி2 ஜீன்கள் உண்டாக்கும் பாலிசிஸ்டின் புரதங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை பழுதானால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி சொல்லும் வேதிப்பொருள் ஏறுகிறது. செல் பெருகுகிறது, நீரைச் சுரக்கிறது, குழாயின் ஓரம் புடைத்துக் கட்டியாகிறது.

2013இல் எலிகளில் ஒன்று கண்டார்கள். பாலிசிஸ்டினை மட்டும் நீக்கினால் கட்டிகள் வேகமாக வளர்ந்தன. சீலியாவையும் சேர்த்து நீக்கினால் அந்த வேகம் குறைந்தது! அப்படியானால், பாலிசிஸ்டின் இல்லாத ஆன்டெனா சும்மா இருப்பதில்லை. ‘வளர், வளர்’ என்று செல்லை விரட்டுகிறது. அந்தச் சேதி எது என்று இன்னும் தேடுகிறார்கள்.

மாணவனாக இருந்தபோது கண்ணாடி ஜாடியில் இப்படி ஒரு கிட்னியைப் பார்த்தேன். கைப்பிடி அளவு இருக்க வேண்டியது நுங்குக் குலையாகப் பருத்திருந்தது. நல்ல சதையைத் தேட வேண்டியிருந்தது. அந்த நிலைக்கு வரப் பல வருஷம் ஆகும். அந்த வருஷங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள்; முதல் வேலை அதுதான். கல்லிடைக்காரரிடம் உப்பு மிகுந்த அப்பளத்தைக் குறைக்கச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் குறையுங்கள். வலி மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்க வேண்டாம். அந்த சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றிவிடும் வாசோப்ரெஸின் ஹார்மோனைத் தடுக்கும் டோல்வாப்டான் மாத்திரை கட்டி வளரும் வேகத்தைக் குறைக்கும். எல்லோருக்கும் ஏற்றதல்ல, ஈரலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்துமா என்று கிட்னி டாக்டரிடம் கேளுங்கள்.

மகனுக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு இப்போதே ஸ்கேன் எடுத்துப் பதற வேண்டாம். வருஷம் ஒருமுறை பிரஷர் பார்த்தால் போதும். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் இந்த மாதமே பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.