கர்ப்பம், ரெசிடென்சி, விசா: அமெரிக்காவில் இருக்கும் மகளுக்காகக் கேட்ட தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. மகள் எம்.பி.பி.எஸ். படிப்பையும் பயிற்சி மருத்துவர் ஆண்டையும் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அமெரிக்காவில் இருக்கிறார் என்றும், அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான மூன்று கட்டத் தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1-இல் தேர்ச்சி பெற்ற நிலையில் இப்போது ஐந்தாம் மாதம், நவம்பரில் பிரசவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சிக்கு இந்தச் செப்டம்பரில் விண்ணப்பிக்காவிட்டால் அவர் மருத்துவராகப் பணியாற்றவே முடியாமல் போய்விடுமோ என்பது தங்கள் அச்சம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டாம். அடுத்த செப்டம்பரில் விண்ணப்பிக்கட்டும். குழந்தைக்காக ஓராண்டை விட்டுக்கொடுப்பதாக இதைப் பார்க்காதீர்கள். அவரிடம் இன்று இல்லாத மூன்று விஷயங்களை, அதாவது அமெரிக்க மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஸ்டெப் 3 தேர்ச்சி, எந்த விசாவில் சேருவது என்று தேர்ந்தெடுக்கும் நிலை ஆகியவற்றை, அந்த ஓராண்டுதான் தரும். முடிவெடுக்க வேண்டியவர் மகள் என்பதால் இக்கடிதத்தை அவரிடமே காட்டிவிடுங்கள். இதில் பாதி அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

தங்கள் புரிதலுக்காக நாட்காட்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பர் இறுதியில் விண்ணப்பங்கள் மருத்துவமனைகளின் பார்வைக்குச் செல்லும். அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்காணல்கள் நடக்கும். 2020-க்குப் பின் இவற்றில் பெரும்பாலானவை இணையவழியே நடக்கின்றன. மருத்துவமனைகளும் விண்ணப்பதாரர்களும் தத்தம் விருப்ப வரிசையைப் பதிவுசெய்த பின், மார்ச் மூன்றாம் வாரத்தில் 'மேட்ச்' முடிவு வெளியாகும். ஜூலை 1 வாக்கில் பணி தொடங்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் இது நடக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் இதில் இடம் பெறுபவர்கள் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர். ஐந்தில் இருவருக்கு மேல் இடமின்றித் திரும்பும் ஒரு போட்டியில் அரைகுறை விண்ணப்பத்தோடு நுழைவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, முன்பு ஏன் இடம் கிடைக்கவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து வரும். அதே சமயம் தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. பட்டம் பெற்று ஐந்தாண்டுகளைக் கடந்தவர்களைத் தொடக்கத்திலேயே வடிகட்டிவிடும் மருத்துவமனைகள் பல. அடுத்த செப்டம்பரில் மகளுக்கு நான்காண்டுகள்தான் ஆகியிருக்கும் என்பதால் அந்த வடிகட்டியில் அவர் சிக்கமாட்டார். ஆகவே நான் சொல்வது ஓராண்டுத் தாமதத்தை மட்டுமே.

அடுத்தது இரண்டாம் கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சிகே. இது ஒன்பது மணி நேரத் தேர்வு. ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி இறுதி முதல் மதிப்பெண் இல்லாமல் வெறும் தேர்ச்சி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால், ஒரு வெளிநாட்டுப் பட்டதாரியை எடைபோட மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் முக்கிய எண் ஸ்டெப் 2-இன் மதிப்பெண்தான். ஆறாம், ஏழாம் மாதங்களில் உடல் ஒத்துழைத்து, மாதிரித் தேர்வுகளில் வேண்டிய மதிப்பெண்ணும் வந்துகொண்டிருந்தால், பிரசவத்துக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. மசக்கை இன்னும் தீரவில்லை, தூக்கம் இல்லை, மகப்பேறு மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்றால், தேதியைத் தயங்காமல் தள்ளிவைக்கட்டும். தேர்வெழுதத் தரப்படும் மூன்று மாதத் தகுதிக் காலத்தை ஒரு முறை நீட்டிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டெப்பையும் அதிகபட்சம் நான்கு முறைதான் எழுத முடியும். ஒரு தோல்வி பதிவாகிவிட்டால் அது எல்லா விண்ணப்பங்களிலும் தெரியும். தேர்ச்சி பெற்ற தேர்வை மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக மீண்டும் எழுதவும் முடியாது. பிரசவத்துக்குப் பின் எழுதுவதானால், பாலூட்டும் தாய்மார்களுக்குக் கூடுதல் இடைவேளை தரப்படுகிறது. ஆனால் அதை முன்கூட்டியே எழுத்துமூலம் கோரிப் பெற வேண்டும்.

ஸ்டெப் 2 முடிந்ததும் ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வு, மருத்துவத் திறனுக்கான 'பாத்வேஸ்' விண்ணப்பம், பட்டச் சான்றைப் படித்த கல்லூரியிலிருந்து நேரடியாகச் சரிபார்க்கும் நடைமுறை ஆகியவை நிறைவேறினால், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ் கிடைக்கும். காகித வேலைகளில் பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடியே செய்யலாம் என்பதால் பிரசவத்தை ஒட்டிய மாதங்களுக்கு இவை ஏற்றவை. குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆனபின் இரண்டு மூன்று அப்சர்வர்ஷிப்புகளைச் செய்து பரிந்துரைக் கடிதங்களைப் பெறட்டும். ஊதியமின்றி, நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை அளிக்காமல், உடனிருந்து பார்ப்பது மட்டுமே என்பதால் இதற்கு வேலை அனுமதி தேவைப்படாது.

இனி விசாவுக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. என் பார்வையில் முழு விஷயத்திலும் கனமான பகுதி இதுதான். தேர்வைத் தள்ளிவைக்கலாம், விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கலாம். தவறான விசாவில் ரெசிடென்சியில் சேர்ந்துவிட்டால் அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

வெளிநாட்டுப் பட்டதாரிகள் பலர் ஜே-1 என்னும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் சேருகிறார்கள். இதற்கு ஸ்டெப் 3 வேண்டியதில்லை, இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பே ஆதரவளிப்பதால் மருத்துவமனைக்கும் செலவு குறைவு. ஆனால் பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் வசித்தாக வேண்டும் என்ற நிபந்தனை இதனுடன் சேர்ந்தே வருகிறது. அதை நிறைவேற்றும் வரை, அல்லது அதிலிருந்து விலக்குப் பெறும் வரை, அவர் எச் வகை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ மாற முடியாது. கிரீன் கார்டு வரிசையில் கணவரின் முறை இடையில் வந்துவிட்டால், கணவர் பெற்றுக்கொள்வார், மனைவி காத்திருப்பார். விலக்குப் பெறப் பலரும் நாடும் வழி, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணிபுரிவதாகும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள் இதற்கு உள்ளன. தனியாக இருப்பவருக்கு அது பெரிய சிரமமில்லை. கணவரின் வேலை ஒரு நகரத்தில், மனைவியின் மூன்றாண்டுப் பணி எங்கோ ஒரு சிற்றூரில், நடுவில் பள்ளி செல்லும் குழந்தை என்றால் நிலைமை வேறு. இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஜே-1-ஐ ஏற்பது தவறில்லை. மார்ச்சில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில், என்னவென்று பார்க்காமல் கையெழுத்திடுவதுதான் கூடாது.

எச்-1பி விசாவில் அந்த இரண்டாண்டு நிபந்தனை இல்லை. ஆனால் அதற்கு ஸ்டெப் 3 தேர்ச்சி முன்கூட்டியே இருக்க வேண்டும், ஸ்டெப் 3 எழுதுவதற்கு இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் இருக்க வேண்டும். இந்த ஆண்டு அவசரமாக விண்ணப்பித்தால் இவை இரண்டும் காலத்தில் முடியா. ஜே-1 ஒன்றே மிஞ்சும். ஓராண்டு காத்திருந்தால் இரண்டும் முடிந்துவிடும். என் ஆலோசனை முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. மகள் எச்-4-இல் கழித்த காலம் எச்-1பி-யின் ஆறாண்டு வரம்பில் கழிக்கப்படாது என்பதால், மூன்றாண்டு பொதுமருத்துவப் பயிற்சிக்குப் பின் மூன்றாண்டு சிறப்புப் பயிற்சிக்கும் இடம் இருக்கும்.

இதில் அண்மையில் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஆணை, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாக எச்-1பி கோரும் நிறுவனம் 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்றது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து விசா நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு இது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அடுத்த மாதம் விளக்கமளித்தது. இத்தகைய ஆணைகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் நிலவரத்தைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஒன்றை இப்போதே மனத்தில் வைக்கலாம்: நிலை மாற்றத்துக்கான மனு பரிசீலனையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். எனவே இடம் கிடைத்த ஆண்டின் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் உறவினர் திருமணம், குழந்தையைப் பாட்டி தாத்தாவிடம் காட்டுவது என்று எதற்கும் அவரை இந்தியாவுக்கு அழைக்காதீர்கள்.

மூன்றாவது வழி, கணவரின் கிரீன் கார்டுக்காக அளிக்கப்படும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் எச்-4 விசாவிலேயே வேலை அனுமதி பெறுவது. 2015 முதல் இதற்கு வழி இருக்கிறது. இந்த அனுமதியை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளும் உள்ளன. ஆனால் 2025 அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க மனுச் செய்தவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்துவந்த தானியங்கி நீட்டிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய அட்டை வரத் தாமதமானால் பயிற்சி நடுவில் நிற்கும். கணவரின் வேலை போனாலும் இதே நிலைதான். ஐ-140 எந்த நிலையில் இருக்கிறது என்று மருமகனிடம் கேளுங்கள். தங்கள் கடிதத்தில் அந்த விவரம் இல்லை.

தடுப்பூசி பற்றி ஒரு குறிப்பு. பணியில் சேரும் முன் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கான எதிர்ப்பாற்றலுக்கு மருத்துவமனைகள் சான்று கேட்கும். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் உயிருள்ள வைரஸால் ஆனவை என்பதால் கர்ப்பக் காலத்தில் போடக்கூடாது. இப்போது இரத்தப் பரிசோதனை மட்டும் செய்து, குறை இருந்தால் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளட்டும். பாலூட்டுவது அதற்குத் தடையில்லை.

நேர்காணலில் குழந்தை பற்றிச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கர்ப்பத்தையோ குடும்பத் திட்டத்தையோ பற்றிக் கேட்பது மேட்ச் அமைப்பின் நடத்தை விதிகளுக்கு முரணானது; தானாகச் சொல்லும் கடமையும் அவருக்கு இல்லை. விண்ணப்பத்தில் தெரியும் இடைவெளிக்கு, அந்தக் காலத்தில் முடித்த தேர்வுகளும் அப்சர்வர்ஷிப்புகளுமே போதுமான விளக்கம். குழந்தையைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு விருப்பம் இருந்தால் பேசட்டும். தாங்கள் அஞ்சுவதுபோல அதை ஒளிக்க வேண்டியதில்லை.

பயிற்சியின்போது இரண்டாவது குழந்தை என்பது இன்று யாருக்கும் நினைவில் இருக்காது; ஆயினும் விதியைச் சொல்லிவைக்கிறேன். ரெசிடென்சிப் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 2022 ஜூலை முதல், பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது ஆறு வார முழு ஊதிய விடுப்பு, முதல் நாளிலிருந்தே, தரப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் 12 வார ஊதியமில்லா விடுப்போ, பன்னிரண்டு மாதப் பணிக்குப் பிறகே உரிமையாகும். ஆகவே முதலாம் ஆண்டில் பிரசவம் என்றால் ஆறு வாரம் தாண்டிக் கிடைப்பது பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் மனத்தைப் பொறுத்தது. இதற்காக வயதையும் உடல்நிலையையும் பொருட்படுத்தாமல் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடச் சொல்பவன் நான் அல்லன்.

கடைசியாக, தாங்கள் இருவரும் செய்ய வேண்டியது. நவம்பரில் உதவிக்குச் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பார்வையாளர் விசாவில் ஒரு முறை செல்பவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். அதைத் தாண்டி 180 நாள்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்றாண்டுகள் நுழையத் தடை வரும். இருவரும் சேர்ந்தே நவம்பரில் போய் மே மாதம் திரும்பிவிட்டால், மகள் அப்சர்வர்ஷிப்புக்கு வெளியே போக வேண்டிய மாதங்களில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மா நவம்பரில் போகட்டும். தாங்களோ சம்பந்தி வீட்டாரோ ஏப்ரலில் போகலாம். அதற்கு அடுத்த ஆண்டு, மகள் பணியில் சேரும் ஜூலையில், வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் வரை வேலையும், ஒரே மூச்சில் 24 மணி நேரப் பணியும் விதிகள் அனுமதிப்பவை. அந்த முதல் ஆறு மாதங்களுக்கு யார் வருவது, குழந்தைகள் காப்பகத்தில் எப்போது பெயர் பதிவது என்பவற்றை நால்வருமாகப் பேசி, மருத்துவமனைகளின் விருப்ப வரிசையைப் பதியும் பிப்ரவரிக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். எந்த ஊர் மருத்துவமனையை மேலே வைப்பது என்பதும் அதைப் பொறுத்தே அமையும்.